பிரேக் விளக்கு எரியவில்லையா? பல்பு மாற்றும் முன்னும் மாற்றிய பின்னும்

காரில் உள்ள விளக்குகளில் ஓட்டுபவர் கண்ணில் படாதது பிரேக் விளக்குதான். ஹெட்லைட் போனால் அன்றிரவே தெரிந்துவிடும். இன்டிகேட்டர் பல்பு போனால் டிக்டிக் சத்தம் வேகமெடுத்துக் காட்டிக்கொடுக்கும். பிரேக் விளக்கு போனதை மட்டும், ரோபோவில் (சிக்னலில்) நிற்கும்போது பின்னால் வந்தவர் யாராவது சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் ரோட்பிளாக்கில் சொல்வார்கள். புனித வெள்ளியன்று டர்பன் அருகே மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் பக்கம் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். சாலைச் சோதனைகள் கூடுவதும் அந்த ஈஸ்டர் நாட்களில்தான். அதற்கு முந்தின வாரமே இந்த வேலையை முடித்து வைப்பது நல்லது.

பல்பை மாற்றுவது சில நிமிட வேலை. விலையும் பெரிதில்லை. ஆனால் ஒரே பக்கத்துப் பல்பு சில மாதத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருந்தால் குற்றம் பல்பில் இல்லை, பல்பு உட்காரும் ஹோல்டரிலோ, கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கம்பியிலோ இருக்கிறது. இசிப்பிங்கோ, மெர்பேங்க் மாதிரி கடலுக்கு அருகில், கராஜ் இல்லாமல் வெளியே நிற்கும் வண்டிகளில் இது சகஜம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பித்தளை முனைகளில் பச்சை படிய வைக்கும். அதனால் பழைய பல்பைக் கழற்றிய கையோடு புதியதைச் செருகிவிட்டு எழுந்துவிடாதீர்கள். இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து ஹோல்டரைப் பார்த்துவிட்டால் இரண்டாவது பல்பு வாங்க வேண்டியிருக்காது.

எது எரியவில்லை என்று முதலில் பாருங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீங்கள் பின்னால் நின்று பார்ப்பதுதான் எளிது. யாரும் இல்லையென்றால், பொழுது சாயும் நேரத்தில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்கு ஒரு மீட்டர் அருகில் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு ஒளி சமமாக விழ வேண்டும். துடைப்பக் கட்டையைச் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் பார்ப்பதும் உண்டு. சில வண்டிகளில் சாவி போடாமலே பிரேக் விளக்கு எரியும். சிலவற்றில் இக்னிஷனைப் போட்டால்தான் எரியும். சாவி இல்லாமல் எரியவில்லை என்பதற்காக ஃபியூஸைத் தேடிப் போக வேண்டாம்.

எந்த விளக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு அல்லது ஹோல்டர். பக்க விளக்குகள் இரண்டும் எரியாமல் நடுவில் உள்ள மூன்றாவது மட்டும் எரிந்தால், பெரும்பாலும் இரண்டு பல்புமே போயிருக்கும். ஒன்று போனது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள், இப்போது மற்றதும் போயிருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் எரியவில்லை என்றால் பல்பு வாங்கப் போகாதீர்கள். ஃபியூஸ் அல்லது பெடல் சுவிட்ச்தான். அதற்குக் கடைசியில் வருவோம்.

இன்னும் இரண்டு அறிகுறிகள் இருக்கின்றன. பலர் இவற்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பிரேக்கை மிதித்தால் அதே பக்கத்து இன்டிகேட்டர் மங்கலாக மினுக்குகிறது, அல்லது டெயில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மிதித்தால் கூடுவதற்குப் பதில் மங்குகிறது என்றால் எர்த் சரியில்லை. எர்த் வழியே திரும்பிப் போக முடியாத கரண்ட், பக்கத்துப் பல்பின் இழை வழியாக வேறு பாதை தேடுகிறது. இரண்டாவது: எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பிரேக்கை மட்டும் மிதிக்கும்போது டாஷ்போர்டு வெளிச்சம் வருகிறது. இது நடந்தால், இரட்டை இழைப் பல்பில் ஒரு இழை அறுந்து மற்றதன்மேல் விழுந்து ஒட்டியிருக்கும், அல்லது முன்பு யாரோ தவறான பல்பை மாட்டியிருப்பார்கள். வயரிங்கே போய்விட்டது என்று பயந்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பெரும் பணம் கொடுப்பதற்கு முன்னால் பல்பைக் கழற்றிப் பாருங்கள்.

எந்தப் பல்பு வாங்குவது

ஸ்பேர்ஸ் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னால் புத்தகம் பார்த்துக் கொடுப்பார்கள். ஆனாலும் பழைய பல்பைக் கையோடு கொண்டுபோவதுதான் உறுதி. "ஸ்டாப்-டெயில் குளோப்" என்று கேளுங்கள். பல்பின் பித்தளை அடியில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டெயிலும் பிரேக்கும் ஒரே பல்பில் இருக்கும் வண்டிகளில் அதிகம் வருவது பி21/5டபிள்யூ. இதற்குள் இரண்டு இழை: 5 வாட் டெயிலுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. அடியில் இரண்டு ஈயப் பொட்டு இருக்கும். பக்கத்தில் துருத்தும் இரண்டு ஊசிகளும் எதிரெதிரே இருந்தாலும் ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில் இருக்கும். பிரேக்குக்கென்று தனிப் பல்பு உள்ள வண்டிகளில் வருவது பி21டபிள்யூ: ஒரே இழை, ஒரே பொட்டு, ஊசிகள் ஒரே உயரம். இன்டிகேட்டருக்கான ஆரஞ்சு நிறப் பிஒய்21டபிள்யூவில் ஊசிகள் நேரெதிரே இல்லாமல் 150 பாகைக் கோணத்தில் இருக்கும். மாறிப் போய் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சில ஐரோப்பிய வண்டிகளில் பி21/4டபிள்யூ வரும். பார்ப்பதற்கு முதலில் சொன்னது போலவே இருக்கும், ஆனால் ஊசிகள் உயரத்திலும் கோணத்திலும் மாறுபடும், உள்ளே போகாது. பித்தளை அடியே இல்லாமல் கண்ணாடியே தட்டையாக முடியும் பல்புகள் டபிள்யூ21/5டபிள்யூ, டபிள்யூ21டபிள்யூ. இவை பல ஜப்பானிய, கொரிய வண்டிகளில் இருக்கும். நடுவில் உள்ள மூன்றாவது விளக்கில் பல்பு இருந்தால் பெரும்பாலும் டபிள்யூ16டபிள்யூ, அல்லது 5 வாட் சிறு பல்புகள் சில வரிசையாக.

இரட்டை இழை ஹோல்டரில் ஒற்றைப் பொட்டுப் பல்பை மாட்டினால் என்ன ஆகும்? அந்த ஒரே பெரிய பொட்டு ஹோல்டரின் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். பிரேக் சுற்றும் டெயில் சுற்றும் ஒன்றாகிவிடும். பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு எரிவது இதனால்தான். விளக்கைப் போட்டால் பிரேக் விளக்கு எந்நேரமும் எரிவதும் இதனால்தான்.

இன்னொரு தவறு இரட்டை இழைப் பல்பைத் தலைகீழாக, பலவந்தமாகத் திணிப்பது. தேய்ந்த பழைய ஹோல்டர் அதற்கும் இடம் கொடுத்துவிடும். அப்போது டெயிலுக்கு 21 வாட், பிரேக்குக்கு 5 வாட் என்று மாறிப்போகும். பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போதும் பிரேக் பிடிப்பது போலவும், உண்மையில் பிடிக்கும்போது விட்டுவிட்டது போலவும் தெரியும். அதோடு நிற்காது: இரவு முழுதும் எரியும் 21 வாட் சூடு பிளாஸ்டிக் ஹோல்டரை உருக்கும்.

வோல்ட்டையும் பாருங்கள். லாரிக்கான 24 வோல்ட் பல்பும் அதே அளவு, அதே அடி. காரில் மாட்டினால் செங்கல் நிறத்தில் மங்கலாக எரியும், கடைக்காரரைத் திட்டுவீர்கள். பித்தளையில் 12வி என்று இருக்க வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில இ (E) எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருந்தால் அளவும் இழையின் இடமும் தரப்படி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குறியும் இல்லாத மலிவுப் பல்புகளில் இழை சற்றே மேலோ கீழோ இருக்கும். விளக்கின் பிரதிபலிப்பான் ஒளியைச் சரியாகப் பரப்பாது, ஒரு மூலையில் மட்டும் பளீரென்று தெரியும். இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு எரிந்தவை. மற்றதும் அதிக நாள் தாங்காது. கழற்றிய நல்ல பல்பைக் காகிதத்தில் சுற்றிக் கப்பிஹோலில் (டாஷ்போர்டுப் பெட்டியில்) போட்டு வையுங்கள்.

கழற்றுவது

விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். இப்போதுதான் ஓட்டி வந்தீர்கள் என்றால் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். 21 வாட் பல்பு விரலைச் சுடும். பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் சில வண்டிகளில் ரேடியோ ரகசிய எண் கேட்கும், அது இன்னொரு தலைவலி.

விளக்கை எட்டும் வழி வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் வகை மூன்றுதான். பழைய ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் போன்றவற்றில் பூட்டுக்குள் (பின்பக்கச் சாமான் அறைக்குள்) கையை விட்டால் பல்புத் தட்டு முழுவதும் தெரியும். ஓரத்து நாக்குகளை அழுத்தி இழுத்தால் தட்டே கையோடு வந்துவிடும். விளக்கை அசைக்க வேண்டியதே இல்லை. பல செடான்களில் பூட்டின் பக்கவாட்டுத் துணிப்பலகையில் சிறு மூடி இருக்கும், அல்லது பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்துத் துணியை ஓரமாக மடக்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு பல்புக்கும் தனி ஹோல்டர்; இடப்புறமாகக் கால் சுற்றுத் திருப்பினால் பின்னோக்கி வரும்.

மூன்றாவது வகையில் விளக்கையே வெளியே எடுக்க வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பக்கிகளில் (பிக்கப் வண்டிகளில்) பின்கதவைத் திறந்தால் விளக்கின் உள்பக்க ஓரத்தில் திருகுகள் தெரியும். பல ஹேட்ச்பேக்குகளில் பூட்டுக்குள் கையால் திருகும் பிளாஸ்டிக் நட் இருக்கும். திருகை எடுத்ததும் விளக்கு வந்துவிடும் என்று நினைத்துப் பக்கவாட்டில் நெம்பாதீர்கள். வெளிப்பக்க ஓரத்தில் உருண்டைத் தலை ஊசிகள் ரப்பர் துளைக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். உள்ளங்கையை விளக்கின் பின்னால் கொடுத்து, வண்டியின் பின்பக்கமாக நேராக இழுங்கள். திருப்புளியால் நெம்பினால் அந்த ஊசிதான் முதலில் உடையும். பிறகு வண்டி குலுங்கும்போதெல்லாம் விளக்கு ஆடும், பல்பு சீக்கிரம் போகும். நெம்பியே ஆக வேண்டுமென்றால் பெயிண்டில் படாமல் துணி சுற்றிய பிளாஸ்டிக் கரண்டிக் காம்பு போதும். நட்டையும் திருகையும் கழற்றும்போது கீழே பூட்டில் ஒரு துணியை விரித்து வையுங்கள். அந்த நட் பம்பருக்குள் விழுந்தால் எடுப்பதற்கு அரை நாள் ஆகும்.

இப்போது பல்பு. பித்தளை அடி உள்ளதை ஹோல்டருக்குள் மெதுவாக அழுத்தி, அழுத்தியபடியே இடப்புறம் சிறிது திருப்பி, வெளியே எடுங்கள். தட்டையடிப் பல்பை நேராக இழுத்தால் போதும். துரு பிடித்து அசையாமல் இருந்தால் கையுறையோ தடித்த துணியோ போட்டுத் திருப்புங்கள். கண்ணாடி உடைய வாய்ப்பு உண்டு. உடைந்துவிட்டால், விளக்குகள் அணைந்திருப்பதை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஊசிமூக்குக் குறடால் பித்தளை விளிம்பைப் பிடித்து அழுத்தித் திருப்புங்கள். விளக்கு எரியும் நிலையில் குறடு உள்ளே போனால் ஃபியூஸ் போகும்.

பழைய பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். கண்ணாடி உள்ளே வெள்ளையாகப் பால் படிந்தது போல் இருந்தால் காற்று புகுந்திருக்கிறது: எங்கோ விரிசல். விளக்குக்குள் தண்ணீர் தெறித்துச் சுடு கண்ணாடியில் பட்டாலும் அப்படி விரியும். இழை முழுதாக இருக்கிறது, ஆனாலும் எரியவில்லை என்றால் பல்பு நல்லது. கோளாறு ஹோல்டரில்.

ஹோல்டரைப் பார்ப்பது

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தொடுமுனைகள் பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சைப் படிவு ஈரத்தால் வந்த களிம்பு. கறுப்பு, பழுப்பு நிறம், அல்லது முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகிக் குழிந்திருப்பது சூட்டால் வந்தது. சூட்டுக்குக் காரணம் தளர்வான தொடர்பு. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். முனை சரியாகப் பதியாத இடத்தில் அந்தக் கரண்ட் சூடாகவும் பொறியாகவும் மாறுகிறது. சூடு முனையின் ஸ்பிரிங்கைத் தளர்த்தும், தளர்ந்த ஸ்பிரிங் இன்னும் சூடாக்கும். பழைய பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டு குழிந்தோ கருகியோ இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

களிம்பு லேசாக இருந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். பிடிவாதமாக இருந்தால் 400 அல்லது 600 எண் உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி மெதுவாகச் சுரண்டுங்கள். அதைவிடச் சொரசொரப்பானது வேண்டாம், மேல்பூச்சைப் பிய்த்துவிடும், அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாகக் களிம்பு பிடிக்கும். அடியில் உள்ள முனை தட்டையாகிப் போயிருந்தால் சிறு திருப்புளியால் ஒரு மில்லிமீட்டர் போல மேலே தூக்கிவிடுங்கள். எல்லாம் காய்ந்த பிறகு, மின்சாதனத்துக்கான சிலிக்கான் கிரீஸை முனைகளின் மேல் மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண சக்கரக் கிரீஸ் வேண்டாம், சூட்டில் உருகி லென்ஸில் வழியும். பிளாஸ்டிக் உருகிப் போன ஹோல்டரைச் சுத்தம் செய்து பயனில்லை. புதிய ஹோல்டரோ, கிடைக்காவிட்டால் பழைய வண்டி பிரிக்கும் யார்டில் ஒன்றோ வாங்குங்கள்.

பல்புத் தட்டு முழுதாக வரும் ஃபோக்ஸ்வேகன் வகைகளில் வயர் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஒரு முனை மட்டும் பழுப்பாகி அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கருகியிருக்கும். அது பெரும்பாலும் எர்த் முனைதான்: அந்தப் பக்கத்து எல்லாப் பல்புகளின் கரண்டும் அந்த ஒற்றை முனை வழியாகத்தான் திரும்புகிறது. ஃபோக்ஸ்வேகனில் எர்த் வயர் பழுப்பு நிறம். டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு.

மல்டிமீட்டர் இருந்தால் எர்த்தைச் சந்தேகமில்லாமல் சோதிக்கலாம். பல்பை மாட்டி, பிரேக்கை மிதித்த நிலையில், ஹோல்டரின் எர்த் முனைக்கும் வண்டியின் சுத்தமான உலோகப் பகுதிக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் திருகைக் கண்டுபிடித்துக் கழற்றி, சுரண்டி, இறுக்குங்கள். பல்பு இல்லாமல் வெறும் ஹோல்டரில் அளந்து 12 வோல்ட் வருகிறதே என்று திருப்திப்படாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டும். பல்பு இழுக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும்.

மாட்டுவது

இரட்டை இழைப் பல்பில் தாழ்ந்த ஊசி எது, உயர்ந்த ஊசி எது என்று பார்த்து ஹோல்டரின் ஆழமான பள்ளத்தோடும் ஆழமில்லாததோடும் பொருத்துங்கள். சரியாக இருந்தால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பைத் தவிர வேறு முரண்டு இராது. அழுத்தி வலப்புறம் திருப்பினால் சொடுக்கென்று உட்காரும். முரண்டு பிடித்தால் எடுத்துப் பாதிச் சுற்றுத் திருப்பி மறுபடி முயலுங்கள். கையால் தொட்ட கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். சாதாரணப் பல்புக்கு விரல் ரேகையால் கெடுதல் அதிகமில்லை, ஆனால் எச்21டபிள்யூ போன்ற சிறு ஹாலஜன் பல்பாக இருந்தால் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி விரியும். அதைக் காகிதத்தால் பிடித்தே மாட்ட வேண்டும்.

விளக்கைத் திருகி மூடும் முன்னால் சோதியுங்கள். மூடிய பிறகு சோதித்துவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் கழற்றுவது மனிதரைச் சலிக்க வைக்கும். பிரேக் மட்டும், பிறகு டெயில் மட்டும், பிறகு டெயிலும் பிரேக்கும் சேர்த்து (இப்போது தெளிவாக வெளிச்சம் கூட வேண்டும்), கடைசியாக பிரேக்கோடு இன்டிகேட்டரும். எர்த் கோளாறு மிச்சம் இருந்தால் இந்தக் கடைசிச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

மூடும்போது கவனிக்க வேண்டியது விளக்கைச் சுற்றியுள்ள நுரை அல்லது ரப்பர் கேஸ்கெட். மடிந்தோ விலகியோ இருந்தால் டர்பனின் கோடை மழை முதலில் விளக்குக்குள்ளும் பிறகு பூட்டுக்குள்ளும் இறங்கும். ஸ்பேர் வீல் குழியில் தண்ணீர் தேங்கினால் பலர் கதவு ரப்பரைத்தான் சந்தேகிப்பார்கள். போன முறை பல்பு மாற்றியவர் கேஸ்கெட்டைச் சரியாக வைத்தாரா என்றும் பாருங்கள். லென்ஸில் விரிசல் இருந்தால் சிவப்பு டேப் சில வாரம்தான் தாங்கும், பிறகு வெயிலில் வெளுத்து வெள்ளை ஒளி பின்னால் தெரிய ஆரம்பிக்கும். வண்டியை விற்கப் போகிறீர்கள், பெயர் மாற்ற ரோட்வொர்த்தி (வண்டித் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்றால் சோதனை நிலையத்தில் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்ப்பார்கள். டேப் ஒட்டிய விளக்கோடு போய் நிற்காதீர்கள். விளக்கின் அடியில் சிறு காற்றுத் துளை இருந்தால் அதைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள், உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற அதுதான் வழி. பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பானர் போட்டால் விளக்கின் உடம்பே விரியும்.

மூன்றும் எரியாவிட்டால், அல்லது அணையவே அணையாவிட்டால்

முதலில் ஃபியூஸ். டொயோட்டாக்களில் ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்துப் படத்தில் ஸ்டாப் என்று எழுதியிருக்கும். மற்றவற்றில் வண்டிக் கையேட்டைப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15. அதே எண் போடுங்கள். மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போடுவதும், சாக்லேட் தாளைச் சுற்றுவதும் தீ வைப்பதற்குச் சமம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் பெடல் சுவிட்ச். பிரேக் பெடலின் மேல்பக்கத்தில், தாங்கியில் பொருத்தியிருக்கும். பெடல் ஓய்வில் இருக்கும்போது சுவிட்சின் ஊசி உள்ளே அமுங்கியிருக்கும். மிதித்தால் ஊசி விடுபட்டு விளக்கு எரியும். ஆட்டோமேட்டிக் வண்டியில் விளக்கும் எரியாமல், கியரும் பார்க்கிலிருந்து நகர மறுத்தால் சந்தேகமே வேண்டாம், சுவிட்ச்தான். பிரேக் மிதித்திருக்கிறது என்ற செய்தி அதன் வழியாகத்தான் கியருக்குப் போகிறது. இரண்டே வயர் உள்ள சுவிட்சாக இருந்தால் பிளக்கைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்சை மாற்றலாம். நான்கு வயர் இருந்தால் வேறு சுற்றுகளும் அதில் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு இணைக்காதீர்கள்.

விளக்கு அணையாமலே எரிந்தால் பெடல் தண்டைத் தடவிப் பாருங்கள். சுவிட்ச் ஊசி வந்து முட்டும் இடத்தில் பல வண்டிகளில் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். வருடக்கணக்கில் காய்ந்து நொறுங்கி விழுந்துவிடும். ஊசி அந்தத் துளை வழியே வெளியே வந்து, பிரேக் மிதித்தது போலவே நிற்கும். ஓட்டுபவர் காலடி விரிப்பில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் அதுதான். பொத்தானின் விலை அற்பம். ஆனால் கவனிக்காமல் விட்டால் இரண்டு பல்பு மட்டுமே 3.5 ஆம்பியர் இழுத்து ஒரே இரவில் பேட்டரியைக் காலி செய்யும். சுவிட்ச் மரையுள்ளதாக இருந்தால், பெடலைத் தொட்டு லேசாக அழுத்தியதுமே விளக்கு எரியும்படி நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம்.

பூட் மூடியில் அல்லது ஹேட்ச் கதவில் விளக்கு உள்ள வண்டிகளில், கதவுக் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர்கள் திறந்து மூடித் திறந்து மூடி அறுந்துபோகும். மூன்றாவது விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால், கதவை மேலும் கீழும் அசைத்தபடி பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். குழாயை உருவினால் உறை வெடித்த வயர் தெரியும். டேப் சுற்றி விடாமல், இரண்டு பக்கமும் வெட்டி இடையில் வளையக்கூடிய புது வயர் சேர்த்து ஈயம் வைத்து ஒட்டுங்கள். ஒட்டு, வளையும் இடத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

எல்.இ.டி. மாட்டலாமா

கடைகளில் அதே அடியோடு எல்.இ.டி. பல்புகள் தொங்குகின்றன. எங்கள் கருத்து: வேண்டாம். விளக்கின் மேல் பொறித்திருக்கும் இ-குறி, இழைப் பல்போடு சோதித்துக் கொடுத்தது. பிரதிபலிப்பானும் இழை இருக்கும் புள்ளிக்காகவே வடித்தது. எல்.இ.டி.யில் ஒளி வேறு இடத்திலிருந்து, வேறு திசையில் வருகிறது. நேர் பின்னால் நின்றால் பளிச்சென்றும், பக்கத்து லேனிலிருந்து பார்த்தால் மங்கலாகவும் தெரிவது இதனால்தான். மலிவானவற்றில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசமும் போதாது. டவுன் ஹில் மலைச்சாலையிலும் வான் ரீனன் கணவாயிலும் மூடுபனி இறங்கும்போது லாரிக்காரர் நம்பியிருப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

புது ஃபோக்ஸ்வேகன் போன்ற வண்டிகள் பல்பு இழுக்கும் கரண்டை அளக்கின்றன, எல்.இ.டி. குறைவாக இழுப்பதால் பல்பு போய்விட்டது என்று டாஷில் எச்சரிக்கை வரும், விளக்கு அணைந்த நிலையிலும் லேசாகத் துடிக்கும். அதை ஏமாற்றச் சேர்க்கும் ரெசிஸ்டர் நன்றாகவே சூடாகும், பூட்டின் துணியில் படக் கூடாது. இதையெல்லாம் அறிந்தும் மாட்டுவதென்றால் சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்.இ.டி. வாங்குங்கள், வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்பு குறைவு, லென்ஸ் மீதியை விழுங்கிவிடும். தொழிற்சாலையிலிருந்தே எல்.இ.டி.யாக வந்த விளக்கில் மாற்றுவதற்குப் பல்பே இல்லை. அதில் ஒரு பகுதி இருண்டால் பிளக்கையும் எர்த்தையும் மேலே சொன்னபடி பார்த்துவிட்டு, அவை நன்றாக இருந்தால் முழு விளக்கையே மாற்ற வேண்டும்.